சுவரில் மாட்டிய வேட்பாளர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் கரகம் கிளம்பும்போது முதல் குலவை என்னுடையதுதான். நான் நாக்கைச் சுழற்றினால் மேல் லயத்து வீடுகளின் நாய்களெல்லாம் எழுந்து நிற்கும். அந்தக் குலவையைத்தான் இரண்டு மழைக்காலமாக இழுப்பு தின்றுகொண்டிருந்தது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில், எழுந்தால் இருமல். இந்த வருஷம் எனக்குப் பதிலாக வேலாயியைக் குலவை போடச் சொல்லலாம் என்று கோயில் கமிட்டியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வேலாயி குலவை போட்டால் கோழியைத் துரத்துகிற மாதிரி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரர் பெயர் சோலைமலை. பிரதேச சபைத் தேர்தலில் நின்று தோற்றவர். மிஞ்சிய பேனரை எறிய மனமில்லாமல், நாங்கள் படுக்கும் பக்கத்து ஈரச் சுவரை மறைத்து மாட்டியிருந்தார். அதில் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டபடி சிரிப்பார். கீழே ‘ஒழுகாத கூரை, என் வாக்குறுதி’ என்று கொட்டை எழுத்து. மேலே எங்கள் தகரம் ஒழுகிக்கொண்டிருக்கும்.

வலப்பனையில் தங்கச்சி வீட்டில் ஒரு வாரம் இருந்தேன். இழுப்பு எட்டிப் பார்க்கவில்லை. வீடு திரும்பிய ராத்திரியே வந்துவிட்டது.

“நம்ம வூட்டு மேல யாரோ கண்ணு வச்சிருக்காங்க புள்ள” என்று அவர் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார். நான் ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, “படுக்கிற எடத்துல, சுவத்துல பூஞ்சணம் இருக்கா?” என்றார்.

“இல்லீங்க. சுவத்துல எங்க வீட்டுக்காரருதான் இருக்காரு.”

விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அவருக்குப் பின்னால பாருங்க. பூஞ்சணத் தூசி மூச்சுல போனா இழுப்பு கூடத்தான் செய்யும்” என்று சொல்லி, வாயில் வைத்து மருந்தை இழுக்கிற பம்ப் ஒன்றும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பேனரின் ஓரத்தைத் தூக்கினேன். சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. வாடை குப்பென்று அடிக்க, இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த அவர் முகம் செத்துப்போயிற்று.

“கழட்டிரவா?” என்றார்.

“ஒங்க படம் வேணுமா, நான் வேணுமாங்க?”

பேனரைக் கழற்றிச் சுருட்டினார். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சுவரைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தார். காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தார். தகரம் ஒழுகினால் திரும்பவும் பூக்குமே என்று யோசித்தவர், பேனரைக் கழுவி எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினார். ஓட்டைமேல் விரித்துக் கல் வைத்தார். அன்றைக்கு மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

இப்போது மேல் ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூரையிலிருந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். “அண்ணே, ஜெயிக்காமலே வாக்கக் காப்பாத்திட்டீங்களே!” என்று கத்திவிட்டுப் போகிறார்கள். அவருக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

பம்ப்பையும் விடாமல் எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக விசில் அடங்கியது.

திருவிழாவில் கரகம் கிளம்பியது. வேலாயி தொண்டையைச் செருமினாள். நான் முந்திக்கொண்டு நாக்கைச் சுழற்றினேன். போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன், மூச்சு தீரவே இல்லை. எனக்கே ஆனந்தம் பொங்கியது. தப்பு மேளம் அடிக்கிறவர்கள் அடியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேல் லயத்தில் நாய்கள் குரைத்தன.

கூட்டத்தில் என் வீட்டுக்காரரைத் தேடினேன். பேனரில் நிற்கிற மாதிரியே கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஆனால் அழுதுகொண்டிருந்தார். தேர்தலில் தோற்ற அன்றைக்குக்கூட அழாத மனிதர்.