ராணிக்கு வந்த போட்டி

எங்கள் கோயில் திருநாள் நாடகத்தில் பதினெட்டு வருடமாக நான்தான் ராணி. மற்ற நாளில் சிலாபம் சந்தைக்கு மீன் லொறி ஓட்டுகிற பீற்றரான நான், திருநாள் வந்தால் மீசையை எடுத்துவிட்டுச் சீலை கட்டிக்கொள்வேன். அரசன் போரில் செத்ததும் நான் வைக்கிற ஒப்பாரி அடுத்த ஊர்வரைக்கும் கேட்கும்.

அந்த நாடகத்தைக் கில்பட் படமாக எடுத்தான். நாடகம் பழக்கும் அண்ணாவியார் அன்ரனிப்பிள்ளையின் மகன் அவன். அரசனுக்கும் ராணிக்கும் கொழும்பிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தான். போகட்டும். ஆனால் அண்ணாவியார், "படத்தைப் பாப்பம். பொம்பிளை நடிச்சது நல்லா இருந்தா, இந்த வருசம் எங்கட பள்ளிக்கூடத்து மெலனி ரீச்சர் ராணியா வரட்டும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. குறை பிடிக்கவென்றே மனைவி றீற்றாவுடன் முன்வரிசையில் போய் இருந்தேன்.

கோயில் வளவில், ஊரூராகப் படம் காட்டுகிற ஃபாஹிம் திரை கட்டிப் படத்தைப் போட்டான். குறைக்கா பஞ்சம்? நாடகத்தில் அரசன் பாடிக்கொண்டே மேடையை மூன்று சுற்றுச் சுற்றி வருவான். படத்தில், கடைக்குப் பாண் வாங்க வந்தவன் மாதிரிக் கதவைத் திறந்துகொண்டு சும்மா வந்தான். நாங்கள் நீலச் சீலையை ஆட்டிக் கடல் காட்டினால் பிள்ளைகள் பயத்தில் கத்தும். படத்தில் உண்மைக் கடல், அதுவும் எங்கள் கடல். "அந்தா, ஹுனைஸ்ட வள்ளம்!" என்று யாரோ கத்த, சனம் சிரித்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகு அரசன் செத்தான். ராணி பாடவே இல்லை. அவனுடைய சட்டையை மடித்தாள், கையால் தடவினாள், திரும்பவும் விரித்து மடித்தாள். திரை முழுக்க அவள் முகம். "பாட்டை முழுங்கிப்போட்டாளே" என்று சொல்ல றீற்றா பக்கம் திரும்பினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பதினெட்டு வருடத்தில் எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்!

"என்ர ஒப்பாரிக்கு மட்டும் ஏன் அழேல்ல?" வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேன்.

"நீங்க அழேக்க எனக்கெங்க அழ நேரம்? சீலை அவிழப்போகுதோ எண்டெல்லோ பாத்துக்கொண்டிருப்பன்."

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்த முகத்திலிருந்து என்னாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. மறுநாள் அண்ணாவியாரிடம் நானே போனேன்.

"ராணியை மெலனி ரீச்சருக்கே குடுங்க. ஆனா பாட்டை வெட்டவேண்டாம். எங்கட மேடையில கடைசி வரிசைக்கு முகம் தெரியாது, குரல்தான் போகும்."

"அப்ப நீ?"

"எங்கட நாடகத்தில அரசனா வந்தவன்தான் இத்தாலிக்குப் போயிட்டானே. நான் சாகிறன்."

திருநாளன்று மேடையில் செத்துக் கிடந்தேன். மெலனி ரீச்சர் தலைமாட்டில் இருந்து ஒப்பாரியைத் தொடங்கினார். அந்தப் பாட்டை நான் பாடியிருக்கிறேனே தவிர, ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டாம் அடியிலேயே என் கண் நிரம்பி வழிந்தது. பிணம் கண்ணைத் துடைக்க முடியுமா?

"அரசன் அழுறார்!" என்று ஒரு பிள்ளை கத்தியது. இனிச் சிரிப்புத்தான், மானம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் விம்மி விம்மி அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. றீற்றாவின் குரல் எனக்குத் தெரியாதா? மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தேன். ராணியை அல்ல, என்னைத்தான் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

சந்தோசம் தாங்கவில்லை. செத்துக் கிடந்தவன் வாய் நிறையச் சிரித்துவிட்டேன்.

"டேய் பீற்றர், சாவடா!" என்றார் அண்ணாவியார், திரைக்குப் பின்னாலிருந்து.