சுரண்டாமல் விட்ட பச்சை

மகன் நாதனுக்கு வில்லியம் சொல்லியிருந்த தவணை இதுதான்: அவன் அம்மாவின் காகிதப்பூச் செடியில் போட்ட பதியம் வேர் விட்டதும், ஜெலுத்தோங் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பத்து காவான் ஊரில் அவனோடு இருக்க வந்துவிடுவது. நாதனும் நம்பினான். அப்பாதான் அத்தனை அக்கறையாகக் கிளையில் பட்டையை உரித்து, ஈரத் தேங்காய் நாரை வைத்து, பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டியிருந்தாரே.

மனைவி லீனா இறந்து ஒன்றரை வருஷம். அவள் இருந்தவரை அந்தச் செடியை இவர் சும்மா விட்டதில்லை. வாசமும் கிடையாது, தொட்டால் முள், இதையும் ஒரு பூவென்று வளர்க்கிறாளே என்பார். இப்போது காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தமக்குக் காப்பி.

எட்டாவது வாரம், ஞாயிறு பூசை முடிந்து லீனாவின் தங்கை லினெட் வந்தாள். அவள் எதிரில் கட்டைப் பிரித்தார். நாருக்குள் ஒரு வேர்கூட இல்லை.

“இந்த வெயிலுக்கு எப்படி வேர் விடும்?” என்றார்.

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!” லினெட் கிளையைப் பிடித்துப் பார்த்தாள். உரித்த இடத்தைப் புதுப்பட்டை மூடியிருந்தது. “பட்டைக்கு அடியில வழவழன்னு பச்சையா இருக்குமே அத்தான், அதச் சுரண்டலையா? அத விட்டா செடி காயத்த மூடிக்கும் லா. அப்புறம் எங்க வேர் விடுறது?”

“தெரியும். அவ செடி, லினெட். கட்டை தெரியிற வரைக்கும் எப்படிச் சுரண்டுறது?”

அது பாதி உண்மைதான். வேர் இல்லை என்று கண்டதும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு மாதம் லீனா புழங்கிய வீட்டிலேயே இருக்கலாம். பழி செடியின் மேல். இருந்தபோது திட்டியது போதாதென்று இப்போது அவள் செடியையே சாக்காக்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

“போக மனசில்லைன்னா நேராச் சொல்லிடுங்க. உங்க ரூமுக்கு நாதன் பெயிண்ட் அடிச்சு மூணு மாசம் ஆச்சு. வாராவாரம் எனக்குப் போன் பண்ணி, ‘வேர் விட்டுச்சா சித்தி’ன்னு கேக்குறான்.”

வில்லியம் கத்தியை எடுத்து, பக்கத்துக் கிளையில் பட்டையை வளையமாக உரித்தார். வெள்ளைக் கட்டை தெரியும்வரை பச்சையைச் சுரண்டினார். அழுகை வந்தது. லினெட் பார்த்தாலும் மறைக்கவில்லை.

நாரை வைத்துக் கட்டி முடித்ததும் மகனைப் போனில் கூப்பிட்டார்.

“ஆறு வாரம் கழிச்சு சாமான் ஏத்த இப்பவே லாரிக்குச் சொல்லிடுப்பா.”

“வேர் விட்டிருச்சாப்பா?”

“இன்னும் இல்ல. விட்டாலும் வரேன், விடாட்டியும் வரேன்.”