ஏழு கண்ணிகள்

கண்ணிக்காரருக்கு வாதம் அடித்தது விடிகாலையில், பல் விளக்கிக்கொண்டிருந்தபோது. வலது கையும் பேச்சும் ஒரேயடியாகப் போயின. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்தவர் இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார், மடக்கினார், பிறகு இரண்டு விரலைக் காட்டினார். திரும்பத் திரும்ப அதையே செய்தார்.

"ஏழு மணிக்கு யாராவது வரணுமா?" என்று நர்ஸ் கேட்டாள். இல்லையென்று தலையை ஆட்டினார்.

"மூணு நாள் பட்டினி. ஏழு ஆள் சாப்பாடு கேக்குது எங்கண்ணன்" என்றாள் தங்கை. யாரும் சிரிக்கவில்லை, அவள் உட்பட.

மனைவிக்குத்தான் சுருக்கென்றது. "காட்டுல கண்ணி இருக்கா? ஏழா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்தது.

அந்தியில் வைத்த கண்ணியை விடிந்ததும் போய்ப் பார்த்துவிடுகிறவர் அவர். காய்ச்சல் வருவதுபோல் இருந்தால்கூட முதலில் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு வந்துதான் படுப்பார். 'கொல்றது நம்ம பொழப்பு, வதைக்கிறது இல்ல' என்பார். கற்றாழை நாரை ஊறவைத்து, அடித்து, தொடையில் உருட்டிக் கயிறு திரிப்பது மனைவியின் வேலை. இருபத்திரண்டு வருஷமாகத் திரிக்கிறாள். அந்தக் கயிறு போய் என்ன செய்கிறதென்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அவர் போர்வையில் விரலால் கோடு இழுத்தார். ஓடை, கரை, கரையோரம் ஏழு குத்து. அவள் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதல் கண்ணியைக் கண்டுபிடிக்கத்தான் நேரமானது. வில்லாக வளைத்த பச்சைக் கொம்பு, கொம்பைக் கொளுவக் காடி வெட்டி அடித்த முளை, புல்லோடு புல்லாகச் சுருக்கு. அந்த அமைப்பு புரிந்த பிறகு மற்றவை தாமாகக் கண்ணில் பட்டன. ஐந்து காலி. கொம்பை நிமிர்த்திவிட்டுக் கயிற்றை மடியில் சுருட்டிக்கொண்டாள். ஆறாவதில் ஒரு கவுதாரி செத்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது.

ஏழாவதில் முயல். உயிர் இருந்தது.

பின்னங்கால் சுருக்கில் மாட்டி, எலும்பு வெளியே தெரிந்தது. அது துள்ளக்கூட இல்லை, வயிறு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கயிற்றைக் கடித்துப் பார்த்திருக்கிறது. கடித்த இடத்தில் இரண்டு இழைதான் அறுந்திருந்தன. நல்லாத் திரிச்சிருக்கேன் என்று நினைத்தாள்.

முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சுருக்கைத் தளர்த்தினாள். முயல் ஓடவில்லை.

"விட்டுட்டுப் போயிடலாம் அண்ணி. பொழைச்சாப் பொழைக்கட்டும்."

"இந்தக் காலோடவா?"

"அப்போ நான் பண்றேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

"வேண்டாம். என் கயிறு." அவள் குந்தி உட்கார்ந்தாள். எப்படிச் செய்வேன் என்று புருஷன் சொல்லியிருந்ததை நினைவில் கொண்டுவந்து, ஒரு கையால் உடம்பை அழுத்தி, மறு கையால் கழுத்தைத் திருகினாள். முதல் தடவை பிடி சரியாக விழவில்லை. இரண்டாம் தடவை முடிந்தது. சமைக்க எடுத்துப்போகலாமா என்று நாத்தனார் கேட்கவில்லை. இருவருமாகக் குழி தோண்டினார்கள்.

திரும்பும் வழியில் நாத்தனார் சொன்னாள்: "ஏழும் காலின்னு சொல்லிடுங்க. ஒடிஞ்ச மனுஷன்."

அவளும் அப்படித்தான் சொல்ல நினைத்திருந்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் ஏறிட்டுப் பார்த்தபோது பொய் வரவில்லை.

"ஏழையும் எடுத்துட்டேங்க. அஞ்சு காலி. ஒரு கவுதாரி, செத்துக் கெடந்துச்சு. ஒரு முயல்... உசுரு இருந்துச்சு. கால் போயிடுச்சு. நானே முடிச்சிட்டேன். ரெண்டு தடவை ஆச்சு."

அவர் இடது கையால் அவள் கையைத் தேடிப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். அவள் அப்போதுதான் அழுதாள்.

ஒரு மாதம் கழித்துக் கோலூன்றி வீடு வந்தார். அவள் இப்போதும் நார் திரிக்கிறாள், கிணற்றுக் கயிற்றுக்கு.