மாத்தோவின் நாலு எழுத்து

...சிலுவை போட்டால் போதும், மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒன்று, போன வருஷம்வரை அதுதானே என் கையெழுத்து, ஆனால் திரிவுன் என்ன சொன்னான், "இனிமே சிலுவை போட்டேன்னு தெரிஞ்சுது, கைய ஒடிச்சிருவேன்டா மாத்தோ"... வரிசை ஓர் ஆள் நகர்கிறது. பள்ளிக்கூட முற்றத்தில் மேசை போட்டு எழுத்தர் உட்கார்ந்திருக்கிறார், பெயர் எழுதியவன் பட்டாளத்தான், செர்பியாவோடு சண்டையாம். எனக்குத் தெரிந்த எழுத்தோ செர்பியர்களின் எழுத்து, திரிவுன் செர்பியன், அதைத்தானே கற்றிருந்தான், அதைத்தானே கொடுப்பான்? பேச்சு எங்கள் இருவருக்கும் ஒன்று, எழுத்துதான் வேறு. பன்னிரண்டு வருஷம் சரயேவோவின் ஆற்றங்கரைச் சுவருக்கு ஒரே கோலில் கல் சுமந்தோம், மதியம் வெங்காயமும் ரொட்டியும் தின்றுவிட்டு ஈரக் கல்லில் கரியால் எழுதிக் காட்டுவான், "கல்ல வெச்சா நிக்குது, எழுத்த வெச்சா நிக்க மாட்டேங்குதே, என்ன தலைடா இது!" என் கோயில் வேறு, அவன் கோயில் வேறு, சிலுவைக்குறி இடும்போது நான் இடத்தோளை முதலில் தொடுவேன், அவன் வலத்தோளை, "பரவால்ல, நடுவுல நெஞ்சுல சந்திச்சுக்குவோம்" என்று சிரிப்பான்.

செர்பியப் பையன் ஒருவன் இளவரசரைச் சுட்ட மறுநாள் கூட்டம் பாடிக்கொண்டு வந்தது, பேரரசர் படத்தை முன்னால் பிடித்து, நம் இனம் நம் மண் என்று... நானும் இரண்டு அடி பாடினேன். ஏன் பாடினேன்? பாட்டு நன்றாக இருந்தது, வலித்த தோள் லேசானதுபோல் இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது பயமாயிருக்கிறது. திரிவுன் வீட்டு ஜன்னல் உடைந்த சத்தத்தில் வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் போலீஸ் அவனைக் கூட்டிப்போனது, எங்கே என்று அவன் மனைவி ஸ்தோயாவுக்கும் தெரியாது. அவன் எழுத்தில் என் பெயரை எழுதினால் நானும் அவன் பின்னால் போவேன், சிலுவை போட்டாலோ அவன் கொடுத்ததை இல்லை என்று சொன்னதாகும்.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா? முன்னால போங்க," பின்னாலிருக்கும் அன்தோ முதுகில் தட்டுகிறான். சுவரில் பேரரசரின் அறிக்கை, எனக்குப் படிக்கத் தெரியாத சர்க்கார் எழுத்தில், எங்கள் ஆட்களின் எழுத்து என்றுதான் சொல்ல வேண்டுமோ... ஆனால் அது என்ன, கூட்டத்தில் தெரிந்த முகம்போல, அந்த மலை மாதிரி எழுத்து என்னுடையது, அந்தக் கூரை, அந்தக் கம்பம், அந்த வட்டம். என் பெயரின் நாலும் அங்கேயும் அதே உருவத்தில் நிற்கின்றன!

"எழுதத் தெரியுமாய்யா? இல்லன்னா சிலுவை போடு."

"தெரியுங்க."

கல்லை இறக்குவதுபோல ஒவ்வொன்றாக இறக்கினேன், மாத்தோ. குடும்பப் பெயருக்குப் போகவில்லை, அதில் மாட்டிக்கொள்வேன். எழுத்தர் குனிந்து பார்த்தார். "அழகாத்தான் எழுதுற. குடும்பப் பேரு?" "அது வராதுங்க." "சரி, போ. அடுத்தது!" அவ்வளவுதான், யார் எழுத்து என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரியாது. அன்தோ என் தோளில் கைபோட்டுப் பாட ஆரம்பிக்கிறான், அதே பாட்டு. என் வாய் திறக்கவில்லை. முதல் நாளே அந்த நாலை மட்டும் எழுதிக் காட்டிவிட்டு, "உனக்கு இது போதும், எங்க போனாலும் செல்லும்" என்றானே, அப்போதே தெரியுமா அவனுக்கு... அவன் பெயரில் அப்படி இரண்டு பக்கமும் செல்லுபடியாவது முதல் எழுத்து ஒன்றுதான், அந்தக் கம்பம், என் பெயரில் மூன்றாவதாக நிற்பது.