கோணல் சிலுவை

வாடிப்பட்டி தாண்டி, தென்னந்தோப்புக்குள் இருந்த அந்தக் கன்னியர் மடத்தில் ஆண்டவருக்கே ஆபத்து வந்துவிட்டது. அது ஒரு போட்டோவாக வாட்சப்பில் சுற்றியது. கையில் சாம்பல் கிண்ணத்தோடு சிஸ்டர் ஜெசிந்தா. பக்கத்தில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் மொக்கையன், நெற்றி நிறையப் பட்டையோடு. யாரோ ஒரு புண்ணியவான் கீழே எழுதியிருந்தான்: 'விபூதிப் புதனன்று மடத்தில் சிவபூசை.'

நடந்தது இவ்வளவுதான். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று, மடத்துக் கோயிலில் வருகிறவர்கள் நெற்றியில் சாம்பல் பூச ஜெசிந்தாவை நிறுத்தியிருந்தார்கள். வரிசையில் மொக்கையனும் வந்தார். அவர் கருப்பசாமி கும்பிடுகிறவர் என்பது மடத்து நாய்க்குக்கூடத் தெரியும். அவர் நெற்றியிலும் ஜெசிந்தா சாம்பலால் சிலுவை போட்டு, மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே போவாய் என்றாள். அவருக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. வெளியே போய் பைக் கண்ணாடியில் முகம் பார்த்தார். பழக்கதோஷம், மூன்று விரலும் நெற்றியில் குறுக்கே ஓடிவிட்டன. அந்த நேரம் பார்த்து அவள் கிண்ணத்தைக் கழுவ வெளியே வந்தாள். யாரோ செல்போனை அமுக்கிவிட்டார்கள்.

விசாரிக்க மதுரையிலிருந்து ஃபாதர் ரொசாரியோ வந்தார். குருமாணவர்களுக்கு இறையியல் நடத்துகிறவர். மே மாதம் ஜெசிந்தாவுக்கு நித்திய வார்த்தைப்பாடு, ஆயுசுக்கும் கன்னியராக இருப்பதாகக் கொடுக்கும் சத்தியம். ஒன்பது வருடம் தற்காலிக வார்த்தைப்பாட்டிலேயே கழிந்துவிட்டது. இதுவும் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருமங்கலத்தில் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

"விசுவாசத்தின் தூய்மை" என்று ஆரம்பித்த ஃபாதர், தேநீரில் பிஸ்கட்டை முக்கினார். அது ஒடிந்து உள்ளே விழுந்தது. ஸ்பூனால் அதைத் துழாவி எடுத்து முடிக்கும்வரை விசுவாசம் காத்திருந்தது. மடத்துத் தலைவி மதர் பிரகாசி பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் மொக்கையனைக் கூப்பிட்டார்கள்.

"நெத்தியில என்ன போட்டாங்க?"

"கீழாக்க ஒரு கோடு, குறுக்க ஒரு கோடு சாமி. கோணலா இருந்துச்சு. நாந்தேன் சரி பண்ணிக்கிட்டேன்."

"சரி பண்ணுனியா?"

"ஆமா சாமி. நல்ல சாம்பலு. கொஞ்சம் தண்ணி சேந்துபோச்சு, அம்புட்டுத்தேன்."

ஜெசிந்தா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். ஃபாதரின் காது சிவந்தது. மொக்கையனை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், இதை ஊதிப் பெருசாக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு மைக்குல ஒரு வார்த்தை. 'கத்தோலிக்கர்னு நம்பித்தான் குடுத்தேன், துர்மாதிரிகைக்கு மன்னிக்கவும்.' அவ்வளவுதான். உங்க வார்த்தைப்பாட்டுக்கு ஒரு குறையும் வராது."

"எனக்கு அவரு யாருன்னு நல்லாத் தெரியுமே ஃபாதர்."

"தெரியாதுன்னு சொல்லுங்கன்னுதான் சொல்றேன்."

"அப்ப அவரு ஏமாத்தி வாங்குனாருன்னு ஆகும்ல?"

"ஆகட்டுமே! அவருக்கு என்ன, ஞானஸ்நானமா போயிரும்?" மதர் முந்திக்கொண்டார். "தோப்புக்கு வேற ஆளு பாத்தாச்சும்மா. சொல்லிட்டுப் போ."

ஜெசிந்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உண்மையைக் காக்கக் கார் பிடித்து வந்த மனுசன் ஒரு பொய்யை நீட்டிக்கொண்டிருந்தார். பத்துக் கட்டளையை நித்தம் சொல்கிற மதரின் வாய் அதற்கு எச்சில் தொட்டு ஒட்டிக் கொடுத்தது. இந்தக் கூட்டத்தில் சேரத்தான் ஒன்பது வருடம் முழங்கால் தேய்ந்ததா? அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஊசிப்போன சோற்றை முகர்ந்த மாதிரி இருந்தது.

"தெரிஞ்சுதான் குடுத்தேன் ஃபாதர். மைக்கைக் குடுத்தா அதையேதான் சொல்லுவேன்."

மைக் கொடுக்கவில்லை. வார்த்தைப்பாடும் கொடுக்கவில்லை. மொக்கையனுக்கும் சீட்டுக் கிழிந்தது. 'விசுவாசம் காக்கப்பட்டது' என்று அதே வாட்சப் குழுவில் செய்தி வந்தது, கைகூப்பும் பொம்மைகளோடு.

அவள் சாதாரணப் புடவையில் கேட்டைத் தாண்டியபோது மொக்கையன் பைக்கோடு நின்றிருந்தார். பெட்டியை வாங்கி டேங்க் மேல் வைத்துக்கொண்டார்.

"ஏறு தாயி, பஸ் ஸ்டாண்டுல விடுறேன்."

வழியெல்லாம் எதையோ மென்று விழுங்கிக்கொண்டே வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபின் தாங்க முடியாமல் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காத தாயி. நீ அன்னைக்கே கொஞ்சம் நேராப் போட்டிருந்தா இம்புட்டு வம்பு வந்திருக்காது."