எதிர் வீட்டு விளக்கு

எங்கள் தெருவுக்குக் கொரியக் குடும்பங்கள் வரத் தொடங்கிய புதிதில், இங்குள்ள பெரிய மனுஷர்கள் எல்லாம் மூக்கைச் சுளித்தார்கள். "யார் யாரையோ உள்ளே விட்டா ஏரியா என்னத்துக்கு ஆகும்?" என்று காலை நடையில் பொருமினார்கள். அந்த வருடமே கணக்கு, நீச்சல், வயலின் என்று பள்ளிக் கோப்பைகளைக் கொரியப் பிள்ளைகள் வாரிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான், சுளித்த மூக்கெல்லாம் நேராகிவிட்டது. அந்த அம்மாக்கள் வெயிலுக்குப் போடும் அகலத் தொப்பி இப்போது தெருவில் எல்லார் தலையிலும் இருக்கிறது. மருந்துக்கடைப் பலகையில் கொரிய எழுத்து ஏறியதும், அதில் ஓர் எழுத்துகூடப் புரியாத என் அத்தான் அதன் முன்னால் நின்று படம் எடுத்து, "நம்ம ஏரியா எங்கேயோ போயிடுச்சு" என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

நான் அக்கா வீட்டின் பின்னறையில் இருக்கும் தங்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து விடிவதற்கு முன்பே வீடு திரும்புவேன். அந்த நேரத்தில் தெருவே இருண்டு கிடக்கும், இரண்டே இரண்டு ஜன்னல்களைத் தவிர. ஒன்று எதிர் வீட்டுக் கொரியப் பெண்ணின் அறை. இன்னொன்று என் அக்கா மகள் குட்டியின் அறை. இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு, ஒரே வகுப்பறை.

அக்கா ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது எதிர் வீட்டு வெளிச்சத்தைப் பார்த்துத் தொலைத்தாள். அன்றிலிருந்து குட்டிக்குப் பிடித்தது சனி.

"பாருடி, அந்தப் பொண்ணு எழுந்து உக்காந்துட்டா. நம்மளது எருமை மாதிரி தூங்குது" என்றாள்.

"குழந்தைக்குத் தூக்கம் வேணும்க்கா. கண்ணுக்குக் கீழே எப்படிக் கறுத்திருக்கு பாரு."

"உனக்கென்ன தெரியும்? பெத்தவளுக்குத்தான் தெரியும் அந்தக் கவலை."

இருப்பது அவள் வீட்டில். என் அறைக்குப் போய்ப் படுத்தேன்.

எதிர் வீட்டு விளக்கு கொஞ்சம் முன்னதாக எரிந்தால், எங்கள் வீட்டு அலாரம் அதற்கும் முன்னதாக அடிக்கும். மறுவாரம் அவர்கள் விளக்கு இன்னும் முன்னதாக எரியும். இப்படியே போனால் இரண்டு வீட்டிலும் சாப்பிட்ட கை காய்வதற்குள் எழுப்பிவிடுவார்கள் போலிருந்தது. குட்டி வாயில் பிரஷ்ஷோடு சுவரில் சாய்ந்து தூங்குவாள்.

கடைசியில் ஒருநாள் பள்ளிக்கூடப் படிக்கட்டில் நடந்துகொண்டே தூங்கி விழுந்தாள். அக்காவுக்கு ஆபீஸில் மீட்டிங்காம், போன் எனக்கு வந்தது. அலறியடித்துக்கொண்டு ஓடினேன். முதலுதவி அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் குட்டி, முகவாயில் பிளாஸ்திரியோடு, அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். மற்றதில் எதிர் வீட்டுப் பெண். ஓவிய வகுப்பில் தூங்கியவளை எழுப்ப முடியாமல் தூக்கி வந்தார்களாம். பக்கத்தில் அவள் அம்மா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து குனிந்தாள். பிறகு கைபேசியை எடுத்து அவள் மொழியில் என்னவோ சொன்னாள். அது செய்தி வாசிப்பவர் குரலில் தமிழ் பேசியது.

"உங்கள் வீட்டுக் குழந்தையின் உழைப்பைக் கண்டு நாங்கள் அஞ்சுகிறோம். முதலில் உங்கள் சாளரத்தில்தான் ஒளி தோன்றியது. ஆகவே நானும் என் மகளை எழுப்பத் தொடங்கினேன்."

"எங்க வீட்லயா? முதல்லயா? எப்போ?"

"மழை ஓயாமல் பெய்த வாரத்தில்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் குட்டிக்குக் காய்ச்சல் கொதித்தது. அக்கா ராப்பகலாய் விளக்கைப் போட்டுக்கொண்டு நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து இவள் தன் பெண்ணை எழுப்ப, இவளைப் பார்த்து அக்கா எழுப்ப, அடப்பாவிகளா!

"அது படிப்பு இல்லைம்மா, காய்ச்சல்!" என்று கைபேசியிடம் கத்தினேன். அது கொரியனில் சொன்னதும் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே இரண்டு அம்மாக்களையும் எங்கள் ஹாலில் உட்கார வைத்து டீ கொடுத்தேன். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "நாம என்ன பைத்தியக்காரிங்களா? இனிமே விடியாம எங்க வீட்ல விளக்கே எரியாது" என்றாள் அக்கா. "குழந்தைகள் உறங்கட்டும். இது என் உறுதிமொழி" என்றது கைபேசி. அத்தான் அதையும் படம் எடுத்தார்.

குட்டி என் அறைக்கு வந்து காதோடு கேட்டாள். "சித்தி, நிஜமாவே நாளைக்குத் தூங்கலாமா?"

"சத்தியமா தூங்கு செல்லம்" என்றேன்.

அந்த வார இறுதியில் திரைச்சீலைக் கடை வண்டி வந்து நின்றது. குட்டியின் ஜன்னலுக்குப் போர்வை மாதிரிக் கனமான கறுப்புத் துணி. "வெயில் மூஞ்சில அடிக்காம நல்லாத் தூங்கட்டும்னுதான்" என்றாள் அக்கா. எனக்கு அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது. மாட்டி முடித்த ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு நேராக எதிர் வீட்டுக்குப் போனான். அவர்களும் அதே துணியைக் கேட்டார்களாம். அந்த அம்மாவுக்கும் எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். என்னை மாதிரி ஒரு லூசு உண்டா?

மறுநாள் டூட்டி முடிந்து வந்தபோது தெருவில் ஒரு ஜன்னலில்கூட வெளிச்சமில்லை. மனசு குளிர்ந்துபோயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே போனேன். குட்டியின் அறைக் கதவுக்கு அடியில் கோடு போட்டதுபோல் வெளிச்சம்.

தள்ளித் திறந்தேன். விளக்கு பளீரென்று எரிந்தது. குட்டி மேஜையில், கையில் பென்சிலைப் பிடித்தபடியே, நோட்டில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முகவாய்ப் பிளாஸ்திரியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேராகப் போய் அந்தக் கறுப்புத் துணியைக் கம்பியோடு பிடுங்கி எறிந்தேன்.

எங்கள் வெளிச்சம் தெருவைத் தாண்டி எதிர் சுவரில் போய் விழுந்தது. அங்கே கறுப்புத் துணியின் ஓரம் மெல்ல விலகியது. அதன் பின்னாலும் வெளிச்சம். அந்த அம்மா எட்டிப் பார்த்தாள், என்னைக் கண்டதும் சட்டென்று மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள். மகளைப் பார்க்கவில்லை, ஜன்னலைத்தான் பார்த்தாள்.

"அடிப்பாவி, காட்டிக் கொடுத்துட்டியேடி! நாளைக்கு அவங்க இன்னும் முன்னாடி எழுப்பிடுவாங்களே!"

இவ்வளவு கூச்சலிலும் குட்டி கண்ணைத் திறக்கவில்லை.