சுலோச்சனா ரீச்சர் கண்ட சலமந்தர்

லண்டன் நோர்பரியில் எமில்டாவோடு ஒரே அறையில் குடியிருந்த இரண்டு வருஷங்களை நினைத்தால், சுலோச்சனாவுக்கு முதலில் மனதில் வருவது உக்கிய மரக்கட்டை ஒன்று.

எண்பத்தேழாம் ஆண்டுப் புயலில் பின்வளவில் விழுந்த ஓக் மரத்தின் மிச்சம் அது. இரண்டு வருஷம் கழித்து, கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில், உடுப்புக் கொடி கட்ட இடம் வேண்டுமென்று இருவரும் அதைப் புரட்டினார்கள். அடியில், ஈரமண்ணில், விரல் நீளத்தில் ஏதோ சுருண்டு கிடந்தது.

எமில்டா பின்னால் பாய்ந்தாள். "ஐயோ ரீச்சர், அரணை! கடிச்சால் மரணம்!"

சுலோச்சனா முழங்காலில் இருந்துவிட்டாள். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருஷம் விலங்கியல் படிப்பித்தவள். வாலுள்ள ஈரூடகவாழி என்று கரும்பலகையில் எத்தனை தரம் படம் கீறியிருப்பாள்! இலங்கையில் அந்தச் சாதியே இல்லை. எல்லாம் புத்தகத்தைப் பார்த்துக் கீறியதுதான். இப்போது ஃபாக்டரியில் சான்ட்விச் சுற்றுகிறவளுக்கு முன்னால் அது உயிரோடு கிடந்தது.

"அரணை இல்லை, எமில்டா. சலமந்தர் சாதி. இஞ்ச நியூட் எண்டு சொல்லுவினம். செதில் இருக்கோ பாரும்? தோலாலையும் மூச்சு விடும். காய்ஞ்சால் செத்துப்போம். அதுதான் குளிருக்கு இதுக்குள்ளை வந்து படுத்திருக்கு."

"என்ன தின்னும்?"

"புழு, பூச்சி. உம்மை இல்லை."

எமில்டா சிரித்துவிட்டாள். கட்டையை இருந்தபடியே மெல்ல வைத்தார்கள். அந்த மாரி முழுக்க உடுப்பு அறைக்குள்ளேயே காய்ந்தது.

சித்திரையில், வளவு மூலையில் யாரோ மண்ணுக்குள் தாட்டுவைத்த பழைய குளியல் தொட்டியில், மழைத்தண்ணீருக்குள் ஒரு வால் அசைவதை எமில்டாதான் கண்டாள்.

"ரீச்சர், ஓடிவாங்கோ!"

பெண் நியூட் நீர்ச்செடியின் இலையொன்றைப் பின்னங்கால்களால் மடித்துப் பிடித்திருந்தது. சற்றுப் பொறுத்து விலகியது. மடிப்புக்குள் ஒரேயொரு முட்டை. பிறகு அடுத்த இலை.

'ஒவ்வொரு முட்டையையும் தனித்தனி இலையில் பொதியும்.' சோதனைக்கு வருமென்று பிள்ளைகளைப் பாடமாக்க வைத்த வசனம். அந்தப் பிள்ளைகள் இப்போது எந்தெந்த நாட்டிலோ. சுலோச்சனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஷிப்டுக்கு நேரமாகுது, ரீச்சர்," என்ற எமில்டாவும் எழும்பவில்லை.

"பொறும். இன்னும் ஒண்டு இடப்போகுது."

இருவரும் ஃபாக்டரிக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போனார்கள். சூப்பர்வைசர் காரணம் கேட்டபோது, எமில்டா தனக்குத் தெரிந்த இங்கிலீசில், வீட்டில் ஒரு பிரசவம் என்றாள். அவர் வாழ்த்துச் சொல்லி இருவருக்கும் கை கொடுத்தார்.